மருத்துவக் கல்லூரியா, ஆட்டு இதயமா, மாடலா? பிள்ளைகளுக்கு உடம்பைக் காட்ட நான்கு வழிகள்

ஒன்பதாம் வகுப்பிலிருந்து பிளஸ்டூ வரை உள்ள பிள்ளைகளுக்கு உடம்பின் உள்ளே இருப்பதை நேரில் காட்ட வேண்டும். மருத்துவத் துறையில் என்னென்ன வேலைகள் இருக்கின்றன என்பதும் அதோடு புரிய வேண்டும். இதற்கு எங்கே போவது, என்ன வாங்குவது என்ற கேள்வியோடு உயிரியல் ஆசிரியர்களும் ஜே.ஆர்.சி. (ஜூனியர் ரெட் கிராஸ்), என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) பொறுப்பாளர்களும் வருடாவருடம் வந்து நிற்கிறார்கள்.

சேலத்துக்காரர்களுக்கு முதலில் தோன்றுவது மருத்துவக் கல்லூரிதான். 1986ல் தொடங்கிய அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி ஊரிலேயே இருக்கிறது. சீரகாபாடிப் பக்கம் தனியார் கல்லூரிகள் இருக்கின்றன. ஏற்காட்டுப் பள்ளிகள்கூட காலையில் கிளம்பிச் சாயங்காலம் திரும்பிவிடலாம். அதனால் உடனே பஸ் பேசிவிடுகிறார்கள்.

எங்கள் முடிவை முன்னாலேயே சொல்லிவிடுகிறோம். உடல்நலம் சொல்லித்தருவதுதான் நோக்கம் என்றால், கறிக்கடையில் வாங்கிய ஒரு ஆட்டு இதயம் கல்லூரிப் பயணத்தைவிட அதிகம் சொல்லித்தரும். வேலை வழிகளைக் காட்டத்தான் என்றால் கல்லூரிக்குப் போகத்தான் வேண்டும். ஆனால் டிஸெக்‌ஷன் ஹாலை (உடல்களை அறுத்துப் படிக்கும் கூடத்தை) மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால் பாதி வேலைதான் நடந்திருக்கும்.

## எதை வைத்து முடிவு செய்வது

நோக்கம். "விழிப்புணர்வு" என்று பொதுவாக எழுதாதீர்கள். புகையிலையா, ரத்தசோகையா, ஹெல்மெட்டா, நர்சிங் படிப்பா? ஒரே வரியில் எழுத முடியவில்லை என்றால் பஸ் பேசும் நேரம் இன்னும் வரவில்லை.

கையில் கிடைக்கும் நேரம். நாற்பது பேர் ஒரு மேசையைச் சுற்றி நின்றால் முன்வரிசைப் பத்துப் பேர்தான் பார்க்கிறார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் தொட்டுப் பார்க்க எத்தனை நிமிடம் கிடைக்கும் என்று கணக்குப் போட வேண்டும். நான்கு வழிகளுக்கும் உள்ள உண்மையான வித்தியாசம் இங்கேதான்.

வயதும் மனநிலையும். அண்மையில் வீட்டில் சாவு கண்ட பிள்ளை, ஆஸ்துமா உள்ள பிள்ளை, ரத்தம் பார்த்தால் மயங்கும் பிள்ளை என ஒவ்வொரு வகுப்பிலும் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள்.

இறந்தவரின் மரியாதை. மனித உடல் இருக்கும் இடத்துக்குப் போவதென்றால் இதைக் கடைசியில் யோசிக்கக் கூடாது.

செலவு. பில்லில் வருவதும் வராததும்.

| | மருத்துவக் கல்லூரி | ஆட்டு உறுப்பு | மாடல், திரை | தன் உடம்பு |
|---|---|---|---|---|
| எதற்குச் சிறந்தது | வேலை வழிகள், உடல் தானம் | இதயம், நுரையீரல் பாடம் | எலும்பு, காது, இனப்பெருக்க உறுப்புகள் | அன்றாடப் பழக்கங்கள் |
| ஏற்ற வகுப்பு | மியூசியம் 9 முதல், ஹால் பிளஸ்டூ மட்டும் | 9 முதல் | 6 முதல் | 6 முதல் |
| ஒருவர் தொடும் நேரம் | ஏறக்குறைய இல்லை | 20 முதல் 30 நிமிடம் | 5 முதல் 10 நிமிடம் | பாடவேளை முழுக்க |
| நேரடிச் செலவு | பஸ், சாப்பாடு | உறுப்பு, கையுறை, கத்தரி | முதல் வருடம் அதிகம், பிறகு இல்லை | மிகக் குறைவு |
| தெரியாத செலவு | ஒரு முழு நாள், மயக்கம், கடிதப் போக்குவரத்து | கழிவு புதைப்பது, பிள்ளைகளின் தயக்கம் | தொலையும் பாகங்கள், ஆங்கிலப் பெயர்கள் | கூச்சம், அளவு அதிகமாக வந்தால் அடுத்த நடவடிக்கை |

## மருத்துவக் கல்லூரிக்குப் போவது

முதல் தவறு வாசலிலேயே நடக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி என்றதும் ஊர் நடுவில் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் நிற்பவர்கள் உண்டு. உடற்கூறியல் முதலாமாண்டுப் பாடம், அது நடப்பது ஸ்டீல் பிளான்ட் ரோட்டில் உள்ள கல்லூரி வளாகத்தில். கடிதம் டீன் பெயருக்கு, நகல் உடற்கூறியல் துறைத் தலைவருக்கு. வகுப்பு, எண்ணிக்கை, வயது, கூட வரும் ஆசிரியர்கள், நோக்கம் இரண்டு வரியில், மாற்றுத் தேதி ஒன்று: இவ்வளவு போதும். பள்ளிப் பிள்ளைகளை அனுமதிப்பதா, எதுவரை அனுமதிப்பது என்பது அந்தந்தக் கல்லூரியின் முடிவு. "எங்களுக்கு ஹாலைக் காட்டுங்கள்" என்று கேட்பதைவிட "எங்கள் பிள்ளைகளின் வயதுக்கு எதைக் காட்டலாம்?" என்று கேட்பது முறை.

மியூசியமும் டிஸெக்‌ஷன் ஹாலும் ஒன்றல்ல. மியூசியத்தில் உறுப்புகள் கண்ணாடிக் குடுவைகளில் மூடி இருக்கும், பெயர் எழுதியிருக்கும், வாசனை குறைவு. ஹாலில் முழு உடல்கள் மேசையில் இருக்கும். ஒன்பது, பத்து, பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு மியூசியம் போதும். ஹால் என்பது பிளஸ்டூ மாணவர்களில் தானாக முன்வருபவர்களுக்கு மட்டும், அதுவும் கல்லூரியே சம்மதித்தால் மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மியூசியத்திலும் ஒரு அலமாரியைப் பற்றி முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். கருவளர்ச்சி வரிசையும், பிறவிக் குறைபாட்டோடு உள்ள சிசுக்களும் இருக்கும் குடுவைகள் பெரும்பாலான உடற்கூறியல் மியூசியங்களில் உண்டு. அம்மாவுக்குக் கருச்சிதைவு நடந்த வீட்டுப் பிள்ளை அதன் முன்னால் போய் நின்றால் என்ன ஆகும் என்பதை முந்தின நாளே யோசித்து, காட்டுவதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள்.

வாசனையும் மயக்கமும். உடல்களைப் பதப்படுத்துவது ஃபார்மலினில், அதாவது ஃபார்மால்டிஹைடு வாயு கரைந்த நீரில். 10 சதவீத ஃபார்மலின் கரைசல் என்றால் அதில் ஃபார்மால்டிஹைடு ஏறக்குறைய 4 சதவீதம். கண் எரியும், மூக்கில் நீர் வடியும், தொண்டை கரகரக்கும். ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004ல் வகைப்படுத்தியது. அந்தக் கவலை வருடக்கணக்கில் அதிலேயே வேலை செய்பவர்களுக்கு. அரை மணி நேரம் போய்வருகிற பிள்ளையைப் பெற்றவர்கள் அதற்காகப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் ஆஸ்துமா உள்ள பிள்ளையை ஹாலுக்குள் அனுப்பக் கூடாது. சாதாரண சர்ஜிக்கல் மாஸ்க் இந்த வாயுவைத் தடுக்காது, அதை நம்பி யாரையும் உள்ளே விடாதீர்கள். கான்டாக்ட் லென்ஸ் போட்டிருந்தால் கழற்றிவிட்டுக் கண்ணாடி போட வேண்டும்.

மயக்கத்துக்கு உடலைப் பார்த்த பயம்தான் காரணம் என்று நினைக்கிறோம். பயத்தோடு வெறும் வயிறும், புழுக்கமும், அசையாமல் நிற்பதும் சேரும்போதுதான் பிள்ளை விழுகிறது. ஏற்காட்டிலிருந்து வருபவர்களுக்கு இது இரட்டிப்பு. இருபது கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி வரும் என்று பிள்ளைகள் காலையில் சாப்பிடாமலே பஸ் ஏறும். அப்படியே போய் அரை மணி நேரம் நின்றால் இரண்டு மூன்று பேர் சாய்வது நிச்சயம். அடிவாரம் வந்து இறங்கியதும் இரண்டு இட்லி, தண்ணீர், பிறகு ஒரு மணி நேர இடைவெளி, அதற்குப் பிறகே உள்ளே. பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட குழு, குழுவுக்கு 20 நிமிடம். கொட்டாவி, முகம் வெளிறுதல், நெற்றியில் வியர்வை இவைதான் முன்னறிகுறி. கண்டவுடன் அங்கேயே தரையில் படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். முழுதாகத் தெளியும்வரை வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

மரியாதை. அந்த மேசையில் இருப்பவர் உரிமை கோர யாரும் வராதவராக இருக்கலாம், தன் உடலைப் படிப்புக்குத் தானம் தந்தவராக இருக்கலாம். தமிழ்நாட்டில் இதற்கு 1951ம் வருடத்து உடற்கூறியல் சட்டம் இருக்கிறது. முதலாமாண்டு மருத்துவ மாணவர்களே உடலின் முன் உறுதிமொழி எடுத்த பிறகுதான் கத்தியைத் தொடுகிறார்கள். அவரை "பாடி" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டு பிள்ளைகள் வரிசையில் போவதை அனுமதிக்கக் கூடாது. செல்போன்களைப் பஸ்ஸிலேயே வாங்கி வைத்துவிடுங்கள். ஒரே ஒரு படம் வெளியே போனால் அந்தக் குடும்பத்துக்கு ஏற்படும் வேதனையை யாராலும் சரிசெய்ய முடியாது, அந்தக் கல்லூரி அடுத்த பள்ளிக்குக் கதவைத் திறக்கவும் திறக்காது.

உறுப்பு தானத்துக்கும் உடல் தானத்துக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்ல இதைவிட நல்ல இடம் கிடையாது. மூளைச்சாவு அடைந்தவரின் இதயம், கல்லீரல், சிறுநீரகம் இன்னொருவரின் உடம்பில் உயிரோடு வேலை செய்யும். உடல் தானம் படிப்புக்கானது. கண்ணின் கருவிழியை இயற்கையாக இறந்தவரிடமிருந்தும் எடுக்கலாம், ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும்.

## ஆட்டு உறுப்புகளை அறுத்துப் பார்ப்பது

தவளை, எலி அறுக்கும் காலம் போய்விட்டது. விலங்கியல் படிப்புகளில் விலங்குகளை அறுப்பதைப் படிப்படியாக விட வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2011ல் வழிகாட்டுதல் தந்தது. இங்கே நாம் சொல்வது சாப்பாட்டுக்கு அறுத்த ஆட்டின் உறுப்பு. பாடத்துக்காக ஒரு உயிரும் போவதில்லை.

வாங்குவது. இதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். கறிக்கடையில் ரத்தம் வடிவதற்காக இதயத்தை நடுவில் கீறிவிடுவார்கள், பெரிய குழாய்களை ஒட்ட வெட்டிவிடுவார்கள். அப்படி வந்த இதயத்தில் வால்வு பாடம் நடக்காது. முந்தின நாளே கடைக்காரரிடம் போய்ச் சொல்ல வேண்டும்: இதயத்தைக் கீறக் கூடாது, மேலே உள்ள குழாய் மூன்று விரல்கடை நீளம் இருக்க வேண்டும், இரண்டு செட்டில் மட்டும் நுரையீரலும் மூச்சுக்குழலும் இதயத்தோடு பிரிக்காமல் வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் இதையெல்லாம் கேட்க முடியாது. வாரநாளாகப் பார்த்துச் சொன்னால் பொறுமையாக எடுத்துத் தருவார்கள். ஆறு பேருக்கு ஒரு இதயம் என்றால் நாற்பது பேர் வகுப்புக்கு ஏழு. ஐஸ் பெட்டியில் கொண்டுவந்து அன்றைக்கே முடித்துவிடுங்கள். ஃப்ரீசரில் வைத்தால் முந்தின இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்ற வேண்டும், உறைந்த இதயம் கத்தரிக்குப் படியாது.

கருப்பை, நஞ்சுக்கொடி, குட்டி இவற்றை வாங்கவே கூடாது. ஆட்டிலிருந்து மனிதருக்குத் தொற்றும் புரூசெல்லோசிஸ், கியூ காய்ச்சல் போன்றவற்றின் கிருமிகள் அதிகம் இருப்பது பேறுகால உறுப்புகளில்தான்.

செய்வது. முனை மழுங்கிய கத்தரி பிள்ளைகள் கையில், கத்தி ஆசிரியர் கையில் மட்டும். எவர்சில்வர் தட்டு, பழைய செய்தித்தாள், கையுறை, ஸ்கேல், தென்னை ஈர்க்குச்சி. துளைகளில் விட்டுப் பார்க்க ஈர்க்குச்சியை மிஞ்சிய கருவி இல்லை.

முதலில் அறுக்காமல் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். விரலுக்குக் கெட்டியாகப் படும் பக்கம் இடது வெண்ட்ரிக்கிள் (இதயத்தின் கீழ் அறை), தொளதொளவென்று அமுங்குவது வலது. பிறகு உள்ளே தண்ணீர் விட்டு அலசி உறைந்த ரத்தக் கட்டியை எடுத்துவிட வேண்டும். இதயத்தை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு பெருந்தமனிக்குள் மெதுவாகத் தண்ணீர் ஊற்றுங்கள். உள்ளே எட்டிப் பார்த்தால் மூன்று சிறு பைகள் உப்பி ஒன்றோடொன்று மூடிக்கொள்வது தெரியும். தண்ணீர் கீழே இறங்காமல் நிற்கும். அரைச்சந்திர வால்வு என்று புத்தகத்தில் படித்தது இதுதான். ரத்தக் கட்டி சிக்கியிருந்தால் தண்ணீர் மளமளவென்று வடிந்துவிடும், பிள்ளைகள் "வால்வு வேலை செய்யவில்லை" என்று எழுதிவிடுவார்கள். அதனால்தான் அலசுவதை விடக் கூடாது.

வால்வு சரியாக மூடியிருந்தாலும் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். எங்கே போகிறது என்று கேளுங்கள். வால்வுக்குச் சற்று மேலே, தமனியின் சுவரில் இரண்டு சின்னத் துளைகள் இருக்கும். ஈர்க்குச்சியை விட்டால் அது இதயத்தின் வெளிச்சுவரில் கொழுப்புக்கு அடியில் ஓடும் குழாயில் போகும். இதயத் தசைக்கே ரத்தம் கொண்டுபோகும் கரோனரி தமனி அதுதான். மனித இதயத்தில் அதன் அகலம் 3 முதல் 4 மில்லிமீட்டர். மாரடைப்பு என்பது இந்த அகலத்துக்குள் நடப்பது. பீடி, சிகரெட், கட்டுக்கடங்காத சர்க்கரை, ரத்தக்கொதிப்பு எல்லாம் இந்தத் துளையைத்தான் போய்ச் சேர்கின்றன. ஈர்க்குச்சியைக் கையில் பிடித்திருக்கும் பிள்ளைக்கு இதற்கு மேல் பிரசங்கம் தேவைப்படாது.

அடுத்து அறுங்கள். இரு வெண்ட்ரிக்கிள்களின் சுவரையும் ஸ்கேலில் அளந்தால் இடது சுவர் வலதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு இருக்கும். ஈரிதழ் வால்வைப் பிடித்திருக்கும் வெள்ளை நாண்களை விரலால் சுண்டிப் பார்க்கட்டும், நூல்போலத்தான் இருக்கும், அறுக்க முடியாது.

நுரையீரலை வாயால் ஊதக் கூடாது. மூச்சுக்குழலில் பிளாஸ்டிக் குழாயைச் செருகி நூலால் கட்டி, முழுவதையும் கண்ணாடிபோன்ற பெரிய பிளாஸ்டிக் பைக்குள் வைத்து, சைக்கிள் பம்பால் காற்றடியுங்கள். சுருங்கிக் கிடந்தது இளஞ்சிவப்பாக மேலெழும்பும். கடையில் எங்கேயாவது கீறல் பட்டிருந்தால் காற்று அங்கேயே போய்விடும், அதனால்தான் இரண்டு செட். ஒரு எச்சரிக்கை: ஆட்டுக்கு மூச்சுக்குழல் இரண்டாகப் பிரிவதற்கு முன்பே வலது மேல் மடலுக்குத் தனியாக ஒரு கிளை போகும். மனிதருக்கு அது இல்லை. ஆசிரியருக்கு இது தெரியாவிட்டால் புத்தகப் படத்தோடு ஒப்பிடும் கெட்டிக்காரப் பிள்ளை கேட்கும் கேள்விக்குத் திணற வேண்டிவரும்.

முடிந்த பிறகு. மேசையில் ஒரு பங்கு வீட்டு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து தெளித்துப் பத்து நிமிடம் விட்டுத் துடைக்க வேண்டும். சோப்பால் கை கழுவுவது கட்டாயம், கையுறை போட்டிருந்தாலும். கழிவை மூன்றடி ஆழத்தில் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். மலையில் ஆழம் குறைந்தால் இரவே நாயோ பன்றியோ தோண்டிப் போட்டுவிடும், காலையில் விடுதி வாசலில் கிடக்கும்.

இன்னொன்று, இதை அழுத்திச் சொல்கிறோம். "கறி சாப்பிடுறவங்க இந்தப் பக்கம், சாப்பிடாதவங்க அந்தப் பக்கம்" என்று வகுப்பைப் பிரிக்காதீர்கள். அது சாதியைக் கேட்பதாகவே போய் முடியும். முந்தின நாள் எல்லோரிடமும் ஒரு துண்டுச்சீட்டு வாங்குங்கள். தொட விருப்பமில்லாதவர்கள் காரணம் சொல்லத் தேவையில்லை, அவர்கள் அளவெடுத்துக் குறிப்பெழுதும் வேலையைச் செய்யட்டும்.

## மாடலும் திரையும்

ஃபைபர் எலும்புக்கூடும் பாகம் பாகமாகக் கழற்றும் உடல் மாடலும் ஒருமுறை வாங்கினால் பல வருடம் நிற்கும். பழைய பள்ளிகளில் நிஜ மனித எலும்பு இருந்தால் அதை வகுப்பில் சுற்றவிடாதீர்கள், ஃபைபர் போதும்.

மண்டையோட்டுக்கு மாடல்தான் சரி. கண்ணோரத்துக்குப் பின்னால், கன்ன எலும்பு வளைவுக்கு இரண்டு விரல்கடை மேலே நான்கு எலும்புகள் கூடும் இடம் ஒன்று உண்டு. மண்டையோட்டில் மெல்லிய இடங்களில் அது ஒன்று, அதன் உட்புறத்தை ஒட்டியே ஒரு தமனி ஓடுகிறது. அங்கே அடிபட்டு எலும்பு விரிந்தால் தமனி கிழிந்து உள்ளே ரத்தம் கட்டும். விழுந்தவர் எழுந்து நன்றாகப் பேசிவிட்டுச் சில மணி நேரத்தில் நினைவிழப்பது இப்படித்தான். ஏற்காட்டு மலைச்சாலையில் பைக் ஓட்டத் துடிக்கும் பதினாறு வயதுப் பையனின் விரலை மாடலில் அந்த இடத்தில் வைத்துவிட்டு, பிறகு அவன் பொட்டிலேயே வைத்துக் காட்டுங்கள்.

காது மாடலும் நம் ஊருக்கு முக்கியம். விசைத்தறிகள் நிறைந்த இளம்பிள்ளை போன்ற ஊர்களின் பிள்ளைகளுக்குத் தறிச் சத்தம் பிறந்ததிலிருந்து பழக்கம். 85 டெசிபல் சத்தத்தில் தினம் எட்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் கேட்கும் திறன் குறையும் ஆபத்து உண்டு, விசைத்தறிக் கூடத்தின் சத்தம் அதைத் தாண்டும். உள்காதின் நத்தைச்சுருளுக்குள் இருக்கும் மயிர்ச்செல்கள் செத்தால் மறுபடி முளைப்பதில்லை. அப்பாவுக்குக் காதடைப்பான் வாங்கிக்கொடுக்கும் பிள்ளை இந்தப் பாடத்திலிருந்து வரலாம்.

தொடுதிரை மேசையும் முப்பரிமாண ஆப்களும் அழகாகத்தான் இருக்கின்றன. எலும்பு, தசை, நரம்பு என்று அடுக்கடுக்காக நீக்கிப் பார்க்கலாம், மறுபடி சேர்க்கலாம். ஆனால் மேசை பல லட்சம் விலை, பள்ளி வாங்குவதற்கானது அல்ல. வைத்திருக்கும் கல்லூரியில் பார்த்துக்கொள்ளலாம். அரசுப் பள்ளிகளின் ஹைடெக் லேபில் ஆப் வழியாகக் காட்டலாம், பெயர்கள் ஆங்கிலத்தில் வரும் என்பதால் தமிழ்ப் பெயர்ப் பட்டியல் ஒன்றைக் கையில் கொடுத்துவிட வேண்டும். மழைக்காலத்தில் மலையில் கரண்டை நம்பிப் பாடம் வைக்காதீர்கள். திரையில் பார்ப்பதால் அங்கே மனிதர் இல்லை என்றும் நினைத்துவிட வேண்டாம். அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் 1994ல் வெளியிட்ட முதல் முழு டிஜிட்டல் உடல், மரண தண்டனை பெற்ற ஒரு மனிதரின் உடலை ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் வெட்டிப் படமெடுத்தது.

## தன் உடம்பையே பாடமாக்குவது

மிகக் குறைந்த செலவு, ஆனால் பள்ளிகள் மிகக் குறைவாகச் செய்வது. ஒரு ஸ்டெதஸ்கோப், ஒரு டிஜிட்டல் பி.பி. கருவி, இஞ்ச் டேப், ஐந்து லிட்டர் தண்ணீர் கேன், ரப்பர் குழாய்: இவ்வளவுதான்.

மணிக்கட்டில் நாடி பார்த்து எழுதச் சொல்லுங்கள். இருபது முறை உட்கார்ந்து எழுந்தவுடன் ஒரு தடவை, ஒரு நிமிடம் கழித்து ஒரு தடவை. யாருடைய நாடி சீக்கிரம் இறங்குகிறது என்பதில் விளையாட்டுப் பிள்ளைக்கும் மற்றவர்களுக்கும் வித்தியாசம் தெரியும். கேனில் 500 மில்லிக்கு ஒரு கோடு போட்டு, நிறையத் தண்ணீரோடு தொட்டியில் கவிழ்த்து, குழாய் வழியாக ஒரே மூச்சில் ஊதினால் நுரையீரல் வெளியேற்றிய காற்றின் அளவு லிட்டரில் கிடைத்துவிடும். வாய் வைக்கும் துண்டு ஆளுக்கு ஒன்று தனியாக வேண்டும். ஆஸ்துமா, இதயக் கோளாறு உள்ளவர்கள் இந்த இரண்டிலும் குறிப்பெழுதுபவர்களாக இருக்கட்டும்.

கீழ் இமையை இறக்கிக் கண்ணாடியில் தன் கண்ணைத் தானே பார்ப்பது ரத்தசோகைப் பாடத்துக்குத் தொடக்கம். அது நோயைக் கண்டுபிடிக்கும் சோதனை அல்ல, ஹீமோகுளோபின் பார்த்தால்தான் தெரியும். பெண்பிள்ளைகளுக்கு 100 மில்லி ரத்தத்தில் அது 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் நீல மாத்திரையை ஜன்னலுக்கு வெளியே எறியும் பிள்ளைக்கு, அந்த இரும்பு எங்கே போய் என்ன செய்கிறது என்று காட்ட இதுவே சமயம். மாத்திரை போட்ட ஒரு மணி நேரத்துக்குள் காபி, டீ குடித்தால் இரும்பு சரியாகச் சேராது. காபித் தோட்ட வீடுகளில் இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

இதிலும் சறுக்கும் இடங்கள் உண்டு. எடையையும் இடுப்பளவையும் எல்லோர் முன்னாலும் சத்தமாகப் படிக்காதீர்கள், குண்டான பிள்ளைக்கு அது வருடக்கணக்கில் மறக்காது. ஸ்டெதஸ்கோப்பைத் தன் நெஞ்சில் தானே வைத்துக் கேட்கட்டும். பி.பி. 130/80க்கு மேல் வந்தால் பயமுறுத்தவும் வேண்டாம், விட்டுவிடவும் வேண்டாம். பயத்திலேயே ஏறும். வேறு வேறு நாளில் மூன்று தடவை பார்த்தும் இறங்காவிட்டால் பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ காட்ட வேண்டும். அந்த ஏற்பாடு இல்லாமல் கருவியை எடுக்காதீர்கள்.

## வேலைகளைக் காட்டுவது எப்படி

ஹாலைப் பார்த்துவிட்டு வரும் பிள்ளைகளிடம் கேட்டால் "டாக்டர் ஆகணும்" அல்லது "எனக்கு இது ஒத்துவராது" என்று இரண்டே பதில்தான் வரும். இரண்டாவது பதில் சொன்ன பிள்ளை நல்ல ரேடியோகிராஃபராக (எக்ஸ்ரே எடுப்பவராக) ஆகியிருக்கலாம், அந்தக் கதவை அங்கேயே சாத்திவிட்டோம். அதனால் எந்த வழியை எடுத்தாலும் ஒவ்வொரு உறுப்போடும் மூன்று வேலைகளைச் சேர்த்துச் சொல்லுங்கள். இதயம் என்றால் இதய ஸ்கேன் எடுக்கும் எக்கோ டெக்னீஷியன், ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாய் விட்டு இதயத்தைச் சோதிக்கும் இடத்தில் வேலை செய்யும் கேத் லேப் டெக்னீஷியன், திறந்த இதய அறுவையில் ரத்த ஓட்டக் கருவியை இயக்கும் பெர்ஃப்யூஷன் டெக்னாலஜிஸ்ட். எலும்பு என்றால் பிசியோதெரபிஸ்ட், ரேடியோகிராஃபர், செயற்கைக் கால் செய்பவர். கண் என்றால் பார்வையைச் சோதிக்கும் ஆப்டோமெட்ரிஸ்ட். 108 ஆம்புலன்ஸில் டிரைவருக்குப் பக்கத்தில் வருபவரும் படித்துப் பயிற்சி பெற்ற மருத்துவ உதவியாளர் என்பது பல பிள்ளைகளுக்குத் தெரியாது.

கல்லூரிக்குப் போனால் அரை மணி நேரம் மியூசியம், ஒரு மணி நேரம் லேப், எக்ஸ்ரே, பிசியோதெரபி பகுதிகளில் வேலை செய்பவர்களோடு பேச்சு என்று கேட்டு வாங்குங்கள். பிள்ளைகள் கேட்க வேண்டியவை: எத்தனை வருடப் படிப்பு, எந்த குரூப் எடுக்க வேண்டும், நுழைவுத்தேர்வு உண்டா, முதல் வேலை எங்கே கிடைத்தது, இரவு டியூட்டி உண்டா.

எம்.பி.பி.எஸ். நாலரை வருடமும் ஒரு வருடப் பயிற்சியும். பி.எஸ்சி. நர்சிங் நான்கு வருடம். ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ்டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்து நீட்டில் தகுதி பெறுபவர்களுக்கு 2020ல் வந்த சட்டப்படி 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. சேர்வராயன் மலைப் பிள்ளைகளில் பழங்குடியினர் சான்றிதழ் உள்ளவர்களுக்கு 1 சதவீத இட ஒதுக்கீடு தனி. சான்றிதழை ஒன்பதாம் வகுப்பிலேயே வாங்கி வைத்துவிடச் சொல்லுங்கள். கவுன்சலிங் சமயத்தில் அலைந்து சீட்டை விடுவது நடக்கக் கூடாது. மற்ற மருத்துவம் சார்ந்த படிப்புகளின் சேர்க்கை விதிகள் மாறிக்கொண்டே வருவதால் அந்தந்த வருட அறிவிப்பைத்தான் பார்க்க வேண்டும்.

## எந்தப் பள்ளிக்கு எது

மலையிலுள்ள உண்டு உறைவிடப் பள்ளி. தன் உடம்புப் பாடமும் ஆட்டு இதயமும். பஸ்ஸுக்கு ஆகும் பணத்தில் ஸ்டெதஸ்கோப்பும் கேனும் வாங்கினால் ஐந்து வருடம் ஓடும். கல்லூரிக்குப் பிளஸ் ஒன் முடியும்போது ஒரே ஒரு பயணம், வேலைகளைப் பார்க்க மட்டும்.

ஊருக்குள் இருநூறு பிளஸ் ஒன் மாணவர்கள் உள்ள பள்ளி. எல்லோரையும் கூட்டிப் போனால் யாரும் எதையும் பார்க்க மாட்டார்கள். பள்ளியில் எல்லோருக்கும் ஆட்டு இதயம், கல்லூரிக்கு விருப்பமுள்ள இருபது பேர் மட்டும். அவர்கள் திரும்பி வந்து மற்றவர்களுக்குச் சொல்லட்டும்.

பெண்கள் பள்ளி. கருப்பை மாடலும் பெண் மருத்துவரோ செவிலியரோ வந்து நடத்தும் ஒரு பாடவேளையும் முதலில். கேள்விகளைப் பெயரில்லாமல் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடச் செய்தால்தான் உண்மையான கேள்விகள் வரும்.

வீட்டில் ஆர்வமுள்ள ஒரே பிள்ளை. பெற்றோர் இதற்குப் பள்ளியை எதிர்பார்க்க வேண்டியதில்லை. கறி வாங்கும்போது இதயத்தைக் கீறாமல் கேளுங்கள். கை கழுவிவிட்டு, சுத்தமான பலகையில், சமையல் கத்தரியால் செய்தால் போதும். சிங்க் குழாய்க்கு அடியில் பெருந்தமனியை நேராகப் பிடித்து, வால்வு மூடுவதைப் பிள்ளை பார்த்து முடித்த பிறகு, அதே இதயத்தை நறுக்கி ஈரலோடு வறுவலுக்குப் போட்டுவிடலாம்.